கிருமி கிடைத்தால் போதுமா? திசு என்ன சொல்கிறது?

கரையொதுங்கிச் செத்த டால்ஃபினிலோ சீலிலோ பிசிஆர் (கிருமியின் மரபணுவைத் தேடும் பரிசோதனை) பாசிட்டிவ் என்று வந்த அன்றைக்கே "வைரஸ்தான் கொன்றது" என்று எழுதிவிடுகிறார்கள். வீட்டு நாய்க்கு டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய்க்கான பரிசோதனை செய்யும்போதும் இதே அவசரம்தான். இந்தப் பழக்கம் நிற்க வேண்டும். கொடுத்த மாதிரியில் அந்தக் கிருமியின் மரபணுத் துண்டு இருந்தது; பிசிஆர் சொல்வது அவ்வளவுதான். அது நோயை உண்டாக்கியதா, சும்மா தங்கியிருந்ததா என்று சொல்லக்கூடியது திசு.

1988இல் வட ஐரோப்பியக் கடற்கரைகளில் 18,000க்கும் மேற்பட்ட சீல்கள் மடிந்தன. ஆரம்பத்தில் அவற்றின் உடலில் கிடைத்த கிருமிகளில் ஒரு ஹெர்பீஸ் வைரஸும் இருந்தது. நுரையீரலை கல்ச்சர் வைத்தால் (ஆய்வகத்தில் கிருமியை வளர்த்துப் பார்த்தால்) பார்டெடெல்லா பிராங்கிசெப்டிகா வளர்ந்தது. நாய்களுக்குக் கென்னல் காஃப் என்ற தொற்று இருமலை வரவைக்கும் அதே பாக்டீரியா. இவற்றோடு திருப்தி அடைந்திருந்தால் உண்மையான காரணம் பிடிபட்டிருக்காது. நாய் டிஸ்டெம்பர் வைரஸுக்கு நெருங்கிய உறவான ஒரு மார்பிலி வைரஸ் சீல்களின் லிம்ஃபோசைட்டுகளை (நோயை எதிர்க்கும் ஒரு வகை வெள்ளையணுக்களை) அழித்து, எதிர்ப்புச் சக்தியைக் குலைத்திருந்தது. அதன் பிறகே பாக்டீரியா நுரையீரலில் புகுந்தது. 2002இல் அதே வைரஸ் திரும்பி வந்து சுமார் 30,000 சீல்களைக் கொண்டுபோனது. 2000இல் காஸ்பியன் கடல் சீல்களைத் தாக்கியதோ நாய்களின் டிஸ்டெம்பர் வைரஸேதான்.

இன்னொரு வகைத் தவறும் நடக்கிறது: பழைய தொற்றின் தடயத்தையே மரணக் காரணமாக எடுத்துக்கொள்வது. கலிஃபோர்னியாவின் கடல் நீர்நாய்களில் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணிக்கு எதிர்ப்பான் (தொற்றை எதிர்த்து உடல் உருவாக்கும் புரதம்) இருப்பவை ஏராளம். பூனையின் மலத்தில் வெளியாகும் அதன் ஊசிஸ்டுகள் (முட்டை போன்ற உறை வடிவங்கள்) மழைநீரோடு கடலுக்குப் போய்ச் சேர்கின்றன. எதிர்ப்பான் இருக்கிறது என்றால், என்றோ தொற்றியது என்று மட்டுமே பொருள். மூளைத் திசுவில் அழற்சி எதுவும் இல்லாமல் ஒரு சிஸ்ட் (ஒட்டுண்ணி அடங்கிக் கிடக்கும் உறை) மட்டும் தெரிந்தால், அந்த விலங்கு அதனால் சாகவில்லை என்றே நான் எடுத்துக்கொள்வேன். அழற்சி, செல் அழிவு, அதன் நடுவிலேயே டாக்கிஸோயிட்டுகள் (வேகமாகப் பெருகும் நிலையிலுள்ள ஒட்டுண்ணிகள்), மூன்றும் சேர்ந்து தெரிந்தால் பேச்சு வேறு.

நாயில் இன்னொரு சிக்கல் உண்டு. டிஸ்டெம்பருக்குப் போடுவது பெரும்பாலும் உயிருள்ள, வலுவிழக்கச் செய்த வைரஸ் தடுப்பூசி. போட்ட பிறகு சில வாரங்கள்வரை பிசிஆர் பாசிட்டிவ் வரலாம். ஊசி போட்ட தேதி படிவத்தில் இல்லையென்றால் அந்த முடிவை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. நெகட்டிவையும் அப்படியே நம்பிவிட முடியாது. வலிப்போடு வரும் நாயில் மூக்கிலும் இரத்தத்திலும் வைரஸ் மறைந்துபோய், மூளையில் மட்டும் மிச்சம் இருக்கலாம். அதனால் ஸ்வாபோடு (மாதிரியைத் துடைத்தெடுக்கும் குச்சி) சிறுநீரையும் சேர்த்து அனுப்பச் சொல்கிறேன். நாய் இறந்துவிட்டால் மூளையும் சிறுநீர்ப்பையும் கட்டாயம்.

சரி, திசுவை எப்படிக் காப்பாற்றுவது? பாதி ஆய்வுகள் இந்த இடத்தில்தான் வீணாகின்றன. அழுகாமல் பதப்படுத்தும் கரைசலான 10 சதவீத பஃபர் ஃபார்மலின் ஒரு லிட்டருக்கு: 37–40 சதவீத ஃபார்மால்டிஹைடு கரைசல் 100 மி.லி., காய்ச்சி வடித்த நீர் 900 மி.லி., சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் மோனோஹைட்ரேட் 4 கிராம், நீரற்ற டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 6.5 கிராம். இந்த பாஸ்பேட் உப்புகளைச் சேர்க்காமல் விட்டால் நாளடைவில் அமிலமாகி, திசுவில் பழுப்பு நிறப் படிவு விழும்; ஸ்லைடில் பார்ப்பவருக்கு அது பெரிய தொல்லை. திசுத் துண்டு 1 செ.மீ. தடிமனைத் தாண்டக் கூடாது. திசுவைப் போலப் பத்து மடங்கு ஃபார்மலின் வேண்டும். முழு நிணநீர்க் கணுவை அப்படியே போட்டால் வெளிப்புறம் கெட்டியாகும், உள்ளே அழுகும். நடுவில் ஒரு வெட்டு போட்டுத்தான் போட வேண்டும்.

ஃபார்மலினுக்குப் போகும் துண்டை முதலில் ஃப்ரீசரில் வைத்து எடுப்பதைப் போன்ற கொடுமை வேறில்லை. பனிப்படிகம் செல்களைக் கிழித்துவிடும். அப்புறம் பார்ப்பதெல்லாம் அந்தக் கிழிசலைத்தான். மூளையை நீளவாக்கில் பிளந்து, ஒரு பாதி ஃபார்மலினுக்கு, மறுபாதி மைனஸ் 80 டிகிரிக்கு. தானாகப் பனி உருக்கும் வீட்டு ஃப்ரீசர் ஆர்.என்.ஏ. வைரஸ்களுக்கு உதவாது. அதில் வெப்பநிலை ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். ஸ்வாப் பாலியெஸ்டர் நுனியும் பிளாஸ்டிக் தண்டும் உள்ளதாக இருக்கட்டும், மரக்குச்சி பிசிஆரைத் தடுக்கக்கூடும். கண்ணாடித் தகட்டில் மெல்லியதாகத் தடவி எடுத்த மாதிரியை (ஸ்மியர்) ஃபார்மலின் பாட்டிலோடு ஒரே பெட்டியில் அடைக்காதீர்கள். ஆவி பட்டாலே சாயம் சரியாக ஏறாது.

கடல் பாலூட்டிகளில் நேரம் இன்னும் குறைவு. தோலடிக் கொழுப்பு உடற்சூட்டை வெளியே விடாது. தொட்டால் குளிர்ந்திருக்கும் டால்ஃபினின் உள்ளே கல்லீரல் குழைந்து கிடக்கும். உடலின் அழுகல் நிலையை 1 முதல் 5 வரை குறிப்பது வழக்கம். 4ஐத் தொட்ட உடலில் திசு ஆய்வு பெரும்பாலும் பலன் தராது. அப்படிப்பட்ட உடலில் பிசிஆர் பாசிட்டிவ் வந்தால், "கிருமி கண்டறியப்பட்டது, மரணக் காரணம் உறுதியாகவில்லை" என்று எழுதுவதே நேர்மை. அப்படி எழுதத் தயங்குகிறவர்கள் அதிகம்.

கடைசியாக, அறுக்கும் கைகளைப் பற்றி. டால்ஃபின் மூளையிலும் கருச்சிதைவிலும் மனிதருக்கும் தொற்றும் புரூசெல்லா பாக்டீரியா இருக்கலாம் என்று எண்ணியே கையுறை, முகக்கவசம், கண்ணாடி அணியுங்கள். சந்தேகம் இருந்தால் ஆய்வகத்துக்குப் போகும் பெட்டியின் மேலேயே எழுதிவிடுங்கள். தெரியாமல் கல்ச்சர் தட்டைத் திறப்பவருக்கு அது தொற்றிவிடக்கூடும். சீலைக் கையாண்ட பிறகு விரல் வீங்கி வலித்தால் மருத்துவரிடம் சீலைத் தொட்டதைச் சொல்லுங்கள். அது பெரும்பாலும் மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியா. அதற்குச் செல் சுவர் கிடையாது என்பதால் பெனிசிலின் கேட்காது, டெட்ராசைக்ளின் வகைதான் கேட்கும்.