முறிகண்டி வீடியோவும் என்ர சிவப்புக் காரும்

முறிகண்டியில என்னையும் என்ர காரையும் ஒரு தம்பி பிடிச்சுப் போட்ட வீடியோவைப் பற்றித்தான் எழுதிறன். மூண்டு நாளா எனக்கே இருபது பேர் அனுப்பிப்போட்டியள். "அண்ணை, உது உங்கட கார்தானே?" ஓம், என்ர கார்தான். முறிகண்டியில பிள்ளையாருக்குத் தேங்காய் உடைச்சதும் நான்தான். பொனற்றில சாஞ்சு தொப்பை தெரிய நிண்டு கச்சான் கடலை சாப்பிட்டதும் நான்தான்.

பேசாமல் விடுவம் எண்டுதான் இருந்தனான். மனிசியும் சொன்னவ, "விடுங்கோப்பா, நாலு நாளில சனம் வேறை ஒண்டைப் பிடிச்சிடும்" எண்டு. நேற்று இரவு கடையைப் பூட்டிப்போட்டு வந்து கொமென்ற் எல்லாத்தையும் வாசிச்சன். வாசிச்சிருக்கக் கூடாது.

"போர் தின்ற மண்ணில் சொகுசுக் கார்!" இதுதான் தலைப்பு. சொகுசாம்.

அந்தச் சொகுசைக் கொஞ்சம் சொல்லுறன் கேளுங்கோ. அது 1990ஆம் ஆண்டு மஸ்டா ரோட்ஸ்டர். ஜப்பானில யூனோஸ் எண்ட பேரில வித்தவங்கள், வெளியில எம்எக்ஸ்-5 எண்டு வித்தவங்கள். 1,600 சிசி எஞ்சின். ரெண்டே ரெண்டு சீற். ஏசி செத்துக் கனகாலம். டிக்கிக்குள்ள ஒரு காஸ் சிலிண்டரை நிமித்தி வைச்சால் மூடி பூட்டாது. மழை பெய்தால் இடப்பக்கம் இருக்கிற ஆளின்ர தொடையில சொட்டும். கார் தரையோட கிடக்கிறதால நாற்பது வயசு தாண்டின ஆள் இறங்கவேணுமெண்டால் ஒரு கையைக் குடுத்துத் தூக்கவேணும். வீடியோவில எனக்குப் பின்னால ஒரு டபிள்கப் பிக்கப் போகுது பாருங்கோ, அதின்ர விலையில என்ர கார் மாதிரி எத்தினை வாங்கலாம் எண்டு எண்ணிப் பாத்தியளோ? அதை ஒருத்தரும் கேக்கேல்லை. அது மண்ணிறத்தில புழுதியோட போகுது, ஆற்ர கண்ணிலயும் குத்தேல்லை. என்ரது சிவப்பு. மினுங்குது. அதுதான் பிழை.

நான் செய்தது ஒரு பழைய காருக்குப் பெயின்ற் அடிச்சது. உள்ளுக்குச் சீற் தைச்சது. இவ்வளவுந்தான் நான் செய்த குற்றம்.

இதை நான் வாங்கினது 2018இல. வவுனியாவில ஒரு வீட்டுப் பின்வளவு, வேப்பமரத்துக்குக் கீழ கிடந்தது. ஓட்டுற சீற்றில கோழி அடை கிடந்தது, பொய் சொல்லேல்லை. வளவுக்காரர் "தம்பி, கோழி குஞ்சு பொரிச்சாப் பிறகு வந்து ஏத்துங்கோ" எண்டவர். ரெண்டு கிழமை கழிச்சு லொறி கொண்டுபோய் ஏத்தினன். அதுக்கு முதல் என்ர பொழுதுபோக்கு என்னெண்டால் ஒண்டுமில்லை. பரந்தனில நெல்லு வெட்டுற மெசினுக்குச் சாமான் விக்கிறன், வீட்டை வாறன், படுக்கிறன். குடியில்லை, சீட்டில்லை. ஒரு மனிசனுக்கு ஒரு கிறுக்கு இருக்கக் கூடாதோ?

காரின்ர பதிவுப் புத்தகத்தில நிறம் சிவப்பு எண்டு கிடக்கு. காரைப் பாத்தால் றோசா. பழைய சிவப்பு வெயிலில நிண்டால் அப்பிடித்தான் வெளுக்கும், வன்னி வெயிலுக்குச் சொல்லவேணுமோ? முதல் நாள் ஒரு மூலையில மினுக்கிற கம்பவுண்ட் போட்டு என்ர பழைய பெனியனால தேய்ச்சுப் பாத்தன். தேய்க்கத் தேய்க்க உள்ளுக்கிருந்து நல்ல சிவப்பு வந்துது, பெனியனும் சிவத்துப்போச்சு. அம்மா கண்டிட்டு "எங்கையடா வெட்டினது?" எண்டு ஓடிவந்தா. அந்தக் காலத்துச் சிவப்புக்கு மேல கிளியர் எண்ட நிறமில்லாத பூச்சு இல்லை, நிறந்தான் மேல்தோல். அதாலதான் துணியில நிறம் ஒட்டும்.

இப்ப ரொறன்ரோவில இருந்து எழுதின அண்ணைக்கு வாறன். "பொலிஷ் போட்டாலே காணும், ஒரிஜினல் பெயின்றைக் கொண்டுபோட்டியள், காரின்ர பெறுமதி போச்சு" எண்டு எழுதியிருக்கிறியள். உங்களுக்கு 84 லைக். அண்ணை, நானும் ஒரிஜினலைக் காப்பாத்தத்தான் பாத்தனான். கொம்பனிப் பெயின்ற் எல்லாம் சேத்து ஏறக்குறைய 100 மைக்ரோன் தடிப்பு, ஒரு மில்லிமீற்றரில பத்தில ஒரு பங்கு. ஒவ்வொரு முறை தேய்க்கேக்கையும் அதில கொஞ்சம் போகும். பொனற் நடுவில அது தேஞ்சு அடியில இருக்கிற பிறைமர் பூச்சு சாம்பலாத் தெரிஞ்சுது. இல்லாத பெயின்றுக்கு என்னெண்டு பொலிஷ் போடுறது?

அதோட காந்தக் கதை. பிள்ளையின்ர குளிர்சாதனப் பெட்டியில ஒட்டுற காந்தம் ஒண்டை எடுத்து, பெனியன் துண்டில சுத்தி, காரைச் சுத்திவரப் பிடிச்சுப் பாத்தன். கதவில ஒட்டிச்சுது. பின் சில்லுக்கு முன்னால, கதவுக்குக் கீழ வாற இடத்தில வைச்சன், பொத்தெண்டு விழுந்துது. முழுக்கப் புட்டி, ஓட்டை அடைக்கிற பசை, காந்தம் ஒட்டுற இரும்பில்லை. ஆரோ ஒருத்தர் துருவை வெட்டாமல் அதுக்கு மேல புட்டியை அப்பிப்போட்டு வித்திருக்கிறார். கிளறினால் உள்ளுக்கு முறுகின அப்பளம் மாதிரித் துரு. இந்தக் காருக்கு அது பிறவி வருத்தம். காருக்கு மேல மூடுற துணிக் கூடாரத்தில விழுற தண்ணி ரெண்டு பக்கமும் சின்னக் குழாயால இறங்கிக் கீழ போகவேணும். குழாய் அடைச்சால் தண்ணி உள்ளுக்க தேங்கி அந்த இடத்தை உள்ளுக்கிருந்தே தின்னும். வெளியில பாத்தால் தெரியாது. நான் ஒரு மெல்லிய வயரை விட்டு இழுத்தன். வேப்பிலைச் சருகு, ஒரு கைப்பிடி, கறுத்து ஊறி, சேறாய் வந்துது. இதுக்குப் பொலிஷ் போடட்டோ அண்ணை?

சரி, ஒரு விசயத்தில அவர் சொல்லுறது நியாயம். பழையபடி கிளியர் இல்லாமல் அடிச்சிருக்கலாம். நான் மேல கிளியர் அடிப்பிச்சிட்டன். கொம்பனியில இருந்து வரேக்க இவ்வளவு மினுக்கம் இருந்திராது. ஆனால் ரொறன்ரோவில ஆறு மாதம் கராஜுக்குள்ள மூடி வைக்கிற காருக்கும், பரந்தனில தகரக் கொட்டிலுக்குக் கீழ நிக்கிற காருக்கும் ஒரே சட்டமோ?

பெயின்ற் அடிச்ச அண்ணையைப் பற்றி அந்த வீடியோவில ஒரு சொல்லுமில்லை. கிளிநொச்சியில அவர்ர கராஜ். நாலு பக்கமும் பொலித்தீன் கட்டின கொட்டில், மேல தகரம், அவ்வளவுதான். மாரியில அடிக்க மாட்டார், ஈரம் பிடிச்சு வெள்ளை படரும் எண்டுவார். சோழகம் வீசேக்கையும் அடிக்க மாட்டார், ஏ9 றோட்டின்ர செம்புழுதி முழுக்க வந்து ஈரப் பெயின்றில இருக்கும். அப்ப வருசத்தில மிஞ்சுறது எத்தினை நாள்? மாசி, பங்குனியில விடிய அஞ்சு மணிக்கு எழும்பி, நிலம் முழுக்கத் தண்ணி தெளிச்சுப் புழுதியை அமத்திப்போட்டு, காத்து எழும்ப முதல் அடிச்சு முடிக்கிறார். அதில ஒரு நாள் இலையான் ஒண்டு வந்து டிக்கி மூடியில இருந்திட்டுது. மனிசன் ஒரு தூசணமும் சொல்லேல்லை. சாவணத்தால மெல்ல எடுத்தார், காயவிட்டார், அடுத்த கிழமை அந்த மூடியை முழுக்கத் தேய்ச்சுத் திருப்பி அடிச்சார். கிளியர் காஞ்சாப் பிறகு சாய்ச்சுப் பாத்தால் தோடம்பழத் தோல் மாதிரிக் குண்டும் குழியுமாத் தெரியும். 1500 நம்பர் அரத்தாளைத் தண்ணியில ஊறவைச்சுத் தேய்ச்சு, பிறகு 2000ஆல தேய்ச்சு, கார் முழுக்க மங்கிப்போய் நிக்கும். எனக்கு நெஞ்சு பகீரெண்டுது. "பொறு தம்பி" எண்டார். கம்பவுண்ட் போட்டு மெசினைப் பிடிக்க, பொனற்றில கொட்டிலின்ர தகரம் வரி வரியாத் தெரிஞ்சுது.

நாங்கள் தொடங்கிக் கொஞ்சத்தில 2020இல வாகன இறக்குமதியை நிப்பாட்டினாங்கள், 2022இல டொலர் 200இல இருந்து 360க்குப் போச்சு. பெயின்றில கலக்கிற தின்னரும் ஹாட்னரும் பொன் விலை. அப்ப ஒரு வருசம் சும்மா கிடந்துது. "எவ்வளவு முடிஞ்சுது?" எண்டு கேட்டவைக்கு: மனிசிக்கே நான் முழுக்கணக்கும் சொல்லேல்லை, உங்களுக்குச் சொல்லுவன் எண்டு நினைச்சியளோ?

சீற் தைச்ச தம்பி ஓட்டோவுக்கும் மோட்டச்சைக்கிளுக்கும் குஷன் வேலை செய்யிறவன். இப்பிடி ஒரு சீற்றை முதன்முதலாக் கழட்டினான். பஞ்சு கையில பிடிக்க மாவா உதிர்ந்துது. உள்ளுக்கு எலிக்கூடு, நெல்லு உமியும் கோழி இறகும் போட்டு வடிவாக் கட்டின கூடு. பழைய உறையை ஒவ்வொரு தையலாப் பிரிச்சு, துண்டு துண்டா நிலத்தில பரப்பி, அதை அளவு வைச்சுப் புதுசை வெட்டினான். ஒரு சீற்றுக்குப் பதினொரு துண்டு. டாஷ்போர்ட்டுக்குத் தேங்காய் எண்ணெய் பூசச் சொன்னது பக்கத்து வீட்டுக்காரர். பூசினன். ஊரில உள்ள புழுதி முழுக்க அதில ஒட்டிச்சுது. அந்த அறிவுரைக்கு நன்றி ஐயா.

"அந்தக் காசைக் கஷ்டப்பட்ட சனத்துக்குக் குடுத்திருக்கலாமே." இது கனபேர் எழுதினது. பெயின்ற்கார அண்ணைக்கு மூண்டு பிள்ளையள். குஷன் தம்பி போன வருசந்தான் கலியாணம் கட்டினவன். ஒட்டு வேலை செய்தவர், வயர் வேலை செய்தவர், எல்லாரும் இந்த மண்ணில இருக்கிற சனந்தான். காசு சீமைக்குப் போகேல்லை. நான் ஏன் இனாமாக் குடுத்தால்தான் உங்களுக்குப் பிடிக்குது, வேலைக்குக் குடுத்தால் பிடிக்கேல்லை? இன்னும் வீடு முடியாமல் கிடக்கிற குடும்பங்கள் இருக்குத்தான். அதுக்கு என்னட்டப் பதில் இல்லை. ரெண்டு வருசத்துக்கு முதல் ஒரு குடும்பத்துக்குக் கூரைத் தகரம் வாங்கிக் குடுத்தனான். சொல்லக் கூடாது எண்டு இருந்தனான், சொல்ல வைச்சிட்டியள்.

"வெளிநாட்டுக் காசு" எண்டவைக்குப் பதில் இல்லை. கடைக்கு வந்து பாருங்கோ, கிறீஸ் நகத்துக்குள்ள இருக்கும்.

எனக்கு உண்மையா நொந்தது எது தெரியுமோ? அந்த வீடியோவில கச்சான் விக்கிற ஒரு அம்மாவை என்ர காரோட சேத்து ஒரே சட்டத்துக்குள்ள பிடிச்சு, சோகப் பாட்டுப் போட்டிருக்கிறார் வீடியோக்காரத் தம்பி. அந்த அம்மா அண்டைக்கு என்னட்ட என்ன கேட்டவ? "தம்பி, வடிவாக் கிடக்கு, இதின்ர கண் எங்கை?" எண்டவ. லைற் உள்ளுக்க ஒளிச்சிருக்கும் காரெல்லோ. நான் பட்டனை அமத்த ரெண்டு லைற்றும் எழும்பிச்சுது. அவ கையைத் தட்டிச் சிரிச்சவ, "இன்னொருக்காச் செய்" எண்டவ. நாலு தரம் செய்தனான். கமரா அப்பவும் ஓடிக்கொண்டிருந்துது. அந்தச் சிரிப்பை வெட்டிப்போட்டார். சிரிச்ச வன்னிச் சனத்துக்கு வியூஸ் வராது போல.

என்ர அப்பா ஹயருக்குக் கார் ஓடினவர். ஒஸ்ரின் ஏ40. யுத்தத்தில பெற்றோலுக்குத் தடை போட்ட காலம், அதைக் கண்ணால காணேலாது. சேலைன் போத்தலில நாலு சொட்டுப் பெற்றோல் வைச்சு ஸ்ராட் பண்ணிப்போட்டு மண்ணெண்ணெயில ஓட்டுவார். றோட்டு முழுக்க வெள்ளைப் புகை. 2002இல ஏ9 பாதை திறந்தாப் பிறகு, அக்கான்ர கலியாணத்துக்கு அந்தக் காருக்குக் கடும் நீலம் அடிப்பிச்சவர். இப்ப எனக்குப் பெயின்ற் அடிச்ச அண்ணை அப்ப அந்தக் கராஜில தாள் தேய்க்கிற பெடியன். ரெண்டாம் நாள் அப்பா சாரத்தால பொனற்றைத் துடைச்சதை அவர்தான் எனக்குச் சொன்னவர்.

2008இல குண்டு போடுற கிபிர் விமானங்கள் சுத்த, ஊரில எல்லாரும் வாகனத்துக்கு மண் பூசினவை. மேல இருந்து மினுங்கக் கூடாது. நானும் அப்பாவும் வாய்க்கால் களியைக் குழைச்சு அந்த நீலத்துக்கு மேல பூசினம். கதவெல்லாம் நான். பொனற்றை அவர் பூசினவர். முடிச்சிட்டுக் கையைக் கழுவாமல் இருந்து தேத்தண்ணி குடிச்சவர். ஒண்டும் கதைக்கேல்லை. பிறகு காரை இரணைப்பாலையில விட்டிட்டு நடந்தம். யுத்தம் முடிஞ்சு திரும்பி வந்து முள்ளிவாய்க்காலில குவிச்சுக் கிடந்த வாகனங்களுக்குள்ளயும் தேடினவர், கிடைக்கேல்லை. அந்தத் துருவுக்கு முன்னால நிண்டு படம் எடுக்கப் பஸ் பஸ்ஸா ஆக்கள் வந்தவை. அப்பவும் கமரா. இப்பவும் கமரா. துருவாக் கிடந்தால் படம், பெயின்ற் அடிச்சாலும் படம். நாங்கள் எந்த நிறத்தில நிண்டால் உங்களுக்குச் சரி எண்டு ஒருக்காச் சொல்லிவிடுங்கோ.

நான் ஒரு காருக்குப் பெயின்ற் அடிச்சன். சிவப்பு. தூரத்தில வரேக்கயே தெரியும்.

சரி, வேலை இன்னும் முடியேல்லை. கூடாரத்தின்ர பின்கண்ணாடி பிளாஸ்ரிக், மஞ்சளாகி வெடிச்சுப்போச்சு. குஷன் தம்பி தைக்கிறன் எண்டுறான், ஆனால் அரை மில்லிமீற்றர் தடிப்பில தெளிஞ்ச பிளாஸ்ரிக் ஷீற் இங்க இல்லை. கொழும்பில இருந்து ஆரும் இந்தக் கிழமை வாறியளெண்டால் ஒண்டரை மீற்றர் வாங்கி வாங்கோ. மடிக்காமல், சுருட்டிக் கொண்டுவரவேணும், மடிச்சால் கோடு விழும். காசு கையில தருவன். வீடியோக்காரத் தம்பி கொண்டுவந்தாலும் வாங்குவன்.