1999-க்கு முந்தையது என்றால் போதாது

ஓல்டு ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற போர்பன் (அமெரிக்க விஸ்கி) பிராண்டின் பழைய பாட்டில்களைப் பற்றி, "ஹெவன் ஹில் நிறுவனம் 1999-ல் வாங்குவதற்கு முந்தையது எல்லாமே ஸ்டிட்ஸெல்-வெல்லர் வடிசாலையின் சரக்குதான்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து இதை நம்பிக் காசைக் கொட்டாதீர்கள். 1999-ல் பிராண்டு கைமாறியது உண்மை. ஆனால் ஸ்டிட்ஸெல்-வெல்லரில் வடிப்பது 1992-லேயே நின்றுவிட்டது. அதன்பின் இந்த போர்பனை வடித்தது கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரில் புதிதாகக் கட்டிய பெர்ன்ஹைம் வடிசாலை. ஆக, தொண்ணூறுகளின் பிற்பாதி பாட்டிலில் இந்த இரண்டில் எந்த வடிசாலையின் சரக்கும் இருக்கலாம்.

அடிக்கண்ணாடியில் இருக்கும் இரண்டு இலக்கம் பெரும்பாலும் பாட்டில் வார்த்த ஆண்டு. உள்ளே இருப்பது எங்கே, எப்போது வடித்தது என்று அது சொல்லாது. லேபிளில் லூயிவில் என்று இருப்பதும் உதவாது, இரண்டு வடிசாலைகளுமே அந்தப் பக்கம்தான்.

நம்பத்தக்க சாட்சி பாட்டில்ட்-இன்-பாண்ட் லேபிள். 1897 அமெரிக்கச் சட்டத்தின் வழி வந்த விதிப்படி அது ஒரே வடிசாலையில், ஒரே பருவத்தில் வடித்து, குறைந்தது 4 ஆண்டு முதிர்ந்த சரக்கு. வடித்த இடத்தையும் லேபிள் காட்டியாக வேண்டும். டிஎஸ்பி-கேஒய்-16 (DSP-KY-16) என்பது ஸ்டிட்ஸெல்-வெல்லரின் அரசுப் பதிவு எண். அது வடித்த இடத்துக்கா, பாட்டிலில் அடைத்த இடத்துக்கா என்று நிதானமாகப் படியுங்கள். விற்பவரிடம் முன்பக்கப் படம் மட்டும் வாங்காமல் பின் லேபிள் படமும் கேளுங்கள்.