மெலிந்தால் ஊர் கேட்கும்

எனக்குத் தெரிந்த ஓர் அக்கா. இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். யார், எந்தத் தோட்டம் என்று தயவுசெய்து யாரும் தேட வேண்டாம், இன்பாக்ஸில் வந்து கேட்கவும் வேண்டாம். ஆளைக் காட்டிக்கொடுக்கும் விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அக்காவுக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்து பன்னிரண்டு வருடமாகிறது. மாத்திரையை ஒரு நாள் விட்டதில்லை. இரத்தத்தில் வைரஸ் பரிசோதனைக்கே அகப்படாத அளவுக்குக் குறைந்து பல வருடமாகிவிட்டது. அப்படி இருப்பவரிடமிருந்து உடலுறவு வழியாக மற்றவருக்குத் தொற்றுவதில்லை. ஆயிரக்கணக்கான ஜோடிகளிடம் ஆய்வு செய்து உறுதியான விஷயம் இது. இன்றைக்கு அக்காவைப் படுத்துவது எடை. ஐந்தடி உயரம், 91 கிலோ. சீனி வருத்தம், பிரஷர், இரண்டு முழங்காலிலும் வலி. எங்கள் மலைகளின் சரிவு தெரிந்தவர்களுக்கு, அந்த முழங்காலோடு கொழுந்துக் கூடையைச் சுமந்து இறங்குவது என்றால் என்னவென்று நான் சொல்லத் தேவையில்லை. அரைப் பேரோடு, அதாவது அரை நாள் சம்பளத்தோடு, திரும்பிய நாட்கள் எத்தனையோ.

சில மாதங்களுக்கு முன் ஒரு வைத்தியர்தான் எடைக் குறைப்புச் சத்திரசிகிச்சை பற்றிச் சொல்லி, துண்டு எழுதிக் கொடுத்தார். வேறொரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அங்கே சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் பேசுவார்கள் என்பதால் அக்கா என்னைக் கூப்பிட்டார். விடிகாலை பஸ் பிடித்துப் போனோம். மூன்று மணி நேரம் வாங்கில் உட்கார்ந்திருந்தோம். கடைசியில் கோப்பைப் புரட்டிப் பார்த்தவர் என்னிடம் சிங்களத்தில் சொன்னார்: "இந்த வருத்தம் இருப்பவர்களுக்கு இதெல்லாம் எதற்கு? உயிரோடு இருப்பதே பெரிய விஷயம் இல்லையா?"

அதை நான் அக்காவுக்கு மொழிபெயர்க்கவில்லை. "இன்னொரு நாள் வரச் சொல்றாங்க" என்றேன். அந்தப் பொய் இன்னும் என் நெஞ்சில் கிடக்கிறது. இந்தப் பதிவை எழுதக் காரணமும் அதுதான்.

எச்.ஐ.வி. என்றால் எலும்பும் தோலுமாகத்தான் இருப்பார்கள் என்ற நினைப்பு நம் எல்லோருக்குள்ளும் இருக்கிறது. அதற்குக் காரணமும் உண்டு. 1985இல் உகண்டாவில் இந்த நோயைப் பற்றி வைத்தியர்கள் மருத்துவ ஏட்டில் எழுதியபோது, அந்த ஊர் மக்கள் இதற்கு வைத்திருந்த பெயரைத்தான் சொன்னார்கள்: 'ஸ்லிம்', அதாவது மெலிவு நோய். மருந்து இல்லாத காலம் அது. இலங்கையில் 2004இலிருந்து எச்.ஐ.வி. மருந்தை அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கிறது. மருந்து எடுப்பவர்கள் வாழ்கிறார்கள், வயதாகிறார்கள், எல்லோரையும் போலச் சீனியும் பிரஷரும் வருகிறது, எடையும் கூடுகிறது.

சரி, எடை கூடுவதில் மருந்துக்குப் பங்கு உண்டா? உண்டு. இப்போது உலகம் முழுவதும் பரவலாகக் கொடுக்கப்படும் டொலுடெகிராவிர் நல்ல மருந்து. வைரஸை வேகமாக அடக்கும், பக்க விளைவும் குறைவு. ஆனால் தென் ஆபிரிக்காவில் செய்து 2019இல் முடிவு வெளியான பெரிய ஆய்வில், இதை எடுத்தவர்களுக்குப் பழைய மாத்திரை எடுத்தவர்களைவிட எடை கூடுதலாக ஏறியது தெரிந்தது. பெண்களுக்கு இன்னும் அதிகம். பழைய மாத்திரைகள் எடை ஏறாமல் பிடித்து வைத்திருந்ததும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். அக்கா மாத்திரை மாறிய பிறகுதான் ஊதத் தொடங்கினார். அதோடு காலையில் கோதுமை மாவு ரொட்டி, சீனி போட்ட தேத்தண்ணி, இரவில் தட்டு நிறையச் சோறு. தோட்டத்துச் சம்பளத்தில் வயிறு நிறைவது மாவிலும் சோற்றிலும்தான். இதையெல்லாம் பார்க்காமல் "வாயைக் கட்ட வேண்டியதுதானே" என்று சொல்பவர்களோடு எனக்குப் பேச்சில்லை. அப்புறம், இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். எடைக்கு வழி தேடலாம், மாத்திரையை விட்டால் உயிர் போகும்.

திரும்பி வரும் பஸ்ஸில் அக்கா சொன்னதைத்தான் நான் இன்றைக்கும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

"குண்டா இருக்கிறதால தான் புள்ள இவ்வளவு நாளா யாருக்கும் சந்தேகம் வரல. மெலிஞ்சா லயமே கேக்கும்."

பன்னிரண்டு வருடமாக அந்த உடம்புதான் அவருக்கு மறைப்பு. பக்கத்து வீட்டுக்காரி "நல்லா சதை வச்சிருக்க" என்று சொல்லும் ஒவ்வொரு தடவையும் அவருக்குள் ஒரு நிம்மதி. பத்துக் காம்பராவுக்கும் ஒரே வாசல் போல, வரிசையாக ஒட்டிய வீடுகளாக இருக்கும் லயத்தில் ஒருவர் இருமினாலே கடைசி வீடு வரைக்கும் கேட்கும். அங்கே ஒருத்தி ஆறு மாதத்தில் இருபது கிலோ குறைந்தால் என்ன பேசுவார்கள்? அக்காவுக்குக் கத்தியைப் பற்றிப் பயமில்லை. மெலிவதைப் பற்றித்தான் பயம்.

மறைத்து வாழ்வதற்கும் ஒரு விலை இருக்கிறது. அக்காவிடம் இரண்டு கிளினிக் கொப்பிகள். ஒன்று சீனிக்கு, மற்றது எச்.ஐ.வி.க்கு. சீனி கிளினிக்கில் எச்.ஐ.வி. பற்றி அவர் சொன்னதே இல்லை. அவர்கள் சீனிக்குக் கொடுத்த மெட்போமின் மாத்திரை நாளொன்றுக்கு 2000 மில்லிகிராம். டொலுடெகிராவிர் எடுப்பவருக்கு உடம்பில் மெட்போமினின் அளவு ஏறும், அதனால் பொதுவாக 1000க்கு மேல் போகக் கூடாது என்பது வைத்தியர்களுக்குத் தெரியும். ஆனால் சீனி கிளினிக் வைத்தியருக்கு இந்தப் பெண் என்ன எடுக்கிறார் என்று தெரியாது. துண்டு எழுதிக் கொடுத்த அந்த வைத்தியர் இரண்டு கொப்பியையும் கேட்டு வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததால்தான் இது பிடிபட்டது. அவருக்குக் கோடி புண்ணியம்.

இனிச் சத்திரசிகிச்சை. பரவலாகச் செய்வது இரண்டு விதம். ஒன்றில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை வாழைப்பழம் போல ஒடுக்கமாக விடுவார்கள். மற்றதில் சின்னப் பை ஒன்று பிரித்து, அதைச் சிறுகுடலில் கீழே கொண்டுபோய் இணைப்பார்கள். 2022இல் உலக அளவிலான சத்திரசிகிச்சை வல்லுநர் சங்கங்கள் அளவுகோலைத் திருத்தின. உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் உடல் நிறைச் சுட்டி 35ஐத் தாண்டினால் வேறு நோய் இல்லாவிட்டாலும் இதைப் பரிந்துரைக்கலாம், நம்மைப் போன்ற ஆசியர்களுக்கு 27.5இலிருந்தே யோசிக்கலாம் என்றன. அக்காவின் சுட்டி 39. எச்.ஐ.வி. இல்லாத ஒருவர் இதே 39ஓடு, இதே சீனியோடு வந்திருந்தால் அந்தக் கதிரையில் இருந்தவர் என்ன சொல்லியிருப்பார்?

வைத்தியர்கள் தயங்க வேண்டிய இடங்களும் உண்டு. அதை நான் மறுக்கவில்லை. இரைப்பை சுருங்கி அமிலம் குறைந்தால் சில எச்.ஐ.வி. மாத்திரைகள் சரியாக உடம்பில் சேராது. ரில்பிவிரின், அட்டசனாவிர் இரண்டும் அப்படிப்பட்டவை. சத்திரசிகிச்சைக்குப் பின் காலம் முழுக்க இரும்பு, கல்சியம், பி12 எடுக்க வேண்டும். இரும்பும் கல்சியமும் டொலுடெகிராவிரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போகவிடாது. அதனால் வெறும் வயிற்றில் என்றால் டொலுடெகிராவிரை அவற்றுக்கு இரண்டு மணி நேரம் முந்தியோ ஆறு மணி நேரம் பிந்தியோ எடுக்க வேண்டும். முதல் மாதங்களில் வைரஸ் அளவை அடிக்கடி பார்க்க வேண்டும். வெளியான ஆய்வுகள் பெரும்பாலும் சிறிய குழுக்களில் செய்தவைதான். அவற்றில் பெரும்பாலானவர்களுக்கு எடையும் குறைந்தது, வைரஸும் அடங்கியே இருந்தது. ஆக, இது திட்டமிட்டுச் செய்ய வேண்டிய வேலை. "எதற்கு" என்று கேட்டு அனுப்பிவிடும் வேலை கிடையாது.

எல்லோரும் கத்திக்குப் போக வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. ஏற்கெனவே இரத்தச்சோகையோடு இருக்கும் நம் பெண்களுக்கு இது இன்னும் கவனமாகச் செய்ய வேண்டிய ஒன்று. புரதம் நிறையச் சாப்பிடச் சொல்வார்கள், முட்டை விலை உங்களுக்கே தெரியும். தொடர் கிளினிக்குக்குப் போகும் ஒவ்வொரு நாளும் ஒரு பேர் போகும். அதையெல்லாம் யோசித்து அக்காவே வேண்டாம் என்று சொன்னால் சரி. சொல்ல வேண்டியவர் அவர்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போய், அன்றைக்கு அந்த ஆள் உண்மையில் என்ன சொன்னார் என்று சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு அடுப்பில் தேத்தண்ணி வைத்தபடியே கேட்டார்: "நீ அவருக்கு என்னா சொன்ன?"

ஒன்றும் சொல்லவில்லை என்றேன்.

"சரி. அடுத்த தடவை நான் பேசுறேன். நீ அதை அப்படியே சிங்களத்தில சொல்லு." லயத்தில் கேட்டால் சீனிக்கு ஒப்பரேஷன் என்று சொல்லப் போகிறாராம். புதிய துண்டு வாங்கியாகிவிட்டது, இந்த முறை வேறு ஆஸ்பத்திரிக்கு. அடுத்த மாதம் இரண்டாவது செவ்வாய், விடிகாலை நாலரை பஸ். இரண்டு கொப்பியையும் ஒரே பையில் போட்டு எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன்.