டோக்கியோ நடுவில் இருந்தாலும் அது ஒன்சென்தான்

மாடிக் கட்டட விடுதிகளில் கிடைப்பது அசல் ஒன்சென் (ஜப்பானின் இயற்கை ஊற்றுநீர்க் குளியல்) அல்ல என்று உங்கள் கட்டுரையில் சொல்லியிருக்கிறீர்கள். என்னால் ஏற்க முடியவில்லை. 1948ஆம் ஆண்டு ஜப்பானியச் சட்டப்படி, நிலத்தடியிலிருந்து வரும் நீர் 25 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ இருந்தால் போதும். சூடு குறைந்தாலும், குறிப்பிட்ட தாதுக்களில் ஒன்று தேவையான அளவு இருந்தால் அதுவும் ஒன்சென்தான். கட்டடம் பழையதா புதியதா என்று யாரும் கேட்பதில்லை.

டோக்கியோவின் ஓதேமாச்சி பகுதியில் 2016இல் திறந்த ஹோஷினோயா விடுதியையே பாருங்கள். 17 மாடி, சுற்றிலும் வங்கிகளும் அலுவலகங்களும். ஆனால் குளியலுக்கு வருவது 1,500 மீட்டர் ஆழத்து நீர், உதட்டில் பட்டாலே உப்புக் கரிக்கும். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட வேண்டும். லிஃப்டுக்குள்ளும் தாதாமிப் பாய்தான்! வெறுங்காலில் அதன் கோரை வரி உறுத்துவது அவ்வளவு சுகம். பழைய மலையூர் விடுதிகளின் பழக்கத்தை இவ்வளவு அக்கறையாகக் காப்பாற்றுகிறவர்களைப் போலி என்று ஒதுக்கலாமா?

வாடகை அதிகம் என்று நீங்கள் சொன்ன குறை சரிதான். அது கட்டுப்படாதவர்கள், டோக்கியோவுக்கு அருகிலுள்ள மலையூரான ஹக்கோனே பக்கம் பல விடுதிகளில் தங்காமலே, பகலில் கட்டணம் கட்டிக் குளித்துவிட்டு வரலாம். சோப்புப் போட்டு நன்றாகக் குளித்த பிறகே தொட்டியில் இறங்க வேண்டும் என்பதையும் கட்டுரையில் சேர்த்துவிடுங்கள்.