முதலில் அளந்துவிட்டு வாருங்கள்

சனிக்கிழமை கூட்டத்தின் வீடியோ உங்கள் எல்லோருக்கும் வந்திருக்கும். எனக்கும் நேற்றிலிருந்து வந்துகொண்டே இருக்கிறது. சின்னத் தொழில்கள் எரிக்கிற மின்சாரத்தையும் எரிபொருளையும் பற்றி ஒரு நிபுணர் பேசிய கூட்டம் அது, அதற்கு மேல் யார், எங்கே என்று திரும்பச் சொல்லவில்லை. கோவையில் பவுண்டரி, அதாவது இரும்பை உருக்கி வார்க்கிற பட்டறை, நடத்துகிறவளாகப் பேசுகிறேன். மேடையில் அந்த நிபுணர் சொன்ன ஒரே ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான் இந்தப் பதிவு. "சின்ன யூனிட்காரர்களுக்குத் தாங்கள் எவ்வளவு எரிக்கிறோம் என்றே தெரியாது, முப்பது சதவீதம் வீணாகப் போகிறது." அதற்குக் கைதட்டல் வேறு. தட்டியவர்களில் நம் ஆட்களும் இருந்தார்கள். அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

ஒரே கேள்வி. இந்த முப்பது எந்தக் கணக்கெடுப்பில் இருந்து வந்தது?

நாட்டில் தொழிற்சாலைகளின் எரிபொருள் செலவை ஆண்டுதோறும் கேட்கிற பெரிய அரசுக் கணக்கெடுப்பு என்றால் அது ஏஎஸ்ஐ, ஆண்டுத் தொழிற்சாலைக் கணக்கெடுப்பு. மத்தியப் புள்ளியியல் அமைச்சகம் நடத்துவது. அது யாரைக் கேட்கிறது? பெரும்பாலும் 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டத்தில் பதிவான ஆலைகளை. மின்சாரம் பயன்படுத்தினால் 10 தொழிலாளர், இல்லாவிட்டால் 20 தொழிலாளர் என்பது அந்தச் சட்டம் வைத்த வாசல். பெரிய ஆலைகள் ஆண்டுதோறும் வரும், மற்றவற்றில் சிலவற்றை மட்டும் மாதிரியாக எடுப்பார்கள். இந்தக் கணக்கெடுப்பில் எண்ணிக்கைப்படி அதிகத் தொழிற்சாலைகள் இருப்பது தமிழ்நாட்டில்தான். ஆனால் கோவையில் கணபதியிலும் சின்னவேடம்பட்டியிலும் ஒரு ஷெட்டில் நாலு லேத்தும் ஐந்து ஆளுமாக பம்புக்கு ஜாப் ஒர்க் செய்கிறவர் அந்த வாசலுக்கு வெளியே நிற்கிறார். அவரிடம் எத்தனை யூனிட் ஓடுகிறது என்று ஏஎஸ்ஐ கேட்பதில்லை. கேட்காத ஒருவரைப் பற்றி சதவீதம் மட்டும் எப்படி வந்தது?

சரி, உள்ளே இருக்கிறவர்களிடமாவது ஒழுங்காகக் கேட்கிறார்களா? எங்கள் பவுண்டரி அந்த மாதிரிப் பட்டியலில் வந்த ஆண்டுகளில் அந்தப் படிவத்தை நான்தான் நிரப்பியிருக்கிறேன், அதனால் தெரிந்துதான் பேசுகிறேன். மின்சாரம் எத்தனை யூனிட் வாங்கினாய், எத்தனை யூனிட் நீயே உற்பத்தி செய்தாய், நிலக்கரி எத்தனை டன் என்று அளவு கேட்கும். நல்லது. அடுத்து பெட்ரோல், டீசல், ஆயில், லூப்ரிகண்ட் எல்லாம் ஒரே வரி, அதுவும் ரூபாயில். ஜெனரேட்டருக்குப் போட்ட டீசலும், டெம்போவுக்குப் போட்ட டீசலும், கியர் பாக்ஸுக்கு ஊற்றிய ஆயிலும் அந்த ஒரு தொகைக்குள் கரைந்துவிடும். அதற்குக் கீழே இதர எரிபொருள் என்று இன்னொரு வரி, அதுவும் ரூபாயில். அந்த ஒரு வரியில் என்ன இருக்கிறது தெரியுமா? விறகு. திருப்பூர்ச் சாயப்பட்டறை பாய்லர்களில் எரிகிற விறகு. லாரி லாரியாக வந்து இறங்குகிற விறகு டன்னாக எங்கும் பதிவாவதில்லை, ஒரு ரூபாய்த் தொகையாகப் போய் உட்கார்ந்துகொள்கிறது. விலை ஏறினால் அதிகம் எரித்ததாகவும், இறங்கினால் குறைத்துவிட்டதாகவும் தெரியும். இதை வைத்துக்கொண்டு யார் என்ன சதவீதம் சொல்ல முடியும்?

பழைய இரும்புக் கடையில்கூட எடை போட்டுவிட்டுத்தான் விலை பேசுவார்கள்.

"எவ்வளவு எரிக்கிறோம் என்றே தெரியாது" என்றாரே, அதற்கு வருகிறேன். என் அப்பா எட்டாவது வரை படித்தவர். வாடகை ஷெட்டில் குபோலா, அதாவது கோக் என்கிற சுட்ட நிலக்கரியில் இரும்பை உருக்கும் உலை, போட்டு ஆரம்பித்தார். ஒவ்வொரு முறை பற்றவைக்கும்போதும் கோக் எத்தனை கூடை, இரும்பு எவ்வளவு, எத்தனை பீஸ் ரிஜெக்ட் என்று பழைய டயரிகளில் எழுதிவைப்பார். அப்புறம் கடன் வாங்கி, மின்சாரத்தில் உருக்கும் இண்டக்ஷன் பர்னஸுக்கு மாறினோம். அன்றிலிருந்து ஒவ்வொரு ஹீட்டுக்கும், அதாவது ஒவ்வொரு முறை உருக்குவதற்கும், முன்னும் பின்னும் மீட்டர் ரீடிங். டன்னுக்கு 600 யூனிட்டுக்குள் வந்தால் அன்றைக்கு வீட்டில் எல்லோரிடமும் சிரித்துப் பேசுவார். 650 தாண்டினால் சாப்பாடு இறங்காது. ஏன் தாண்டியது என்று தேடுவார். ஸ்கிராப்பில் துருவும் மண்ணும் அதிகமா, மூடியைத் திறந்தே வைத்திருந்தார்களா, வார்க்கிற மணல் அச்சு (மோல்டு) தயாராகாமல் உருகிய இரும்பைக் கொதிக்க விட்டுக் காத்திருந்தார்களா, நடுவில் கரண்ட் போனதா. மின்கட்டணம் மூலப்பொருளுக்கு அடுத்த செலவு எங்களுக்கு. அதை அறியாமல் ஒருவர் பவுண்டரி நடத்த முடியும் என்று நினைக்கிறவர் பவுண்டரிக்குள் வந்ததே இல்லை.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. அந்த 600ம் 650ம் ஒரே பர்னஸ்தான். யூனிட் கூடியதற்கான காரணங்களில் பாதி எங்கள் கையில் இருக்கிறது, பாதி இல்லை. கரண்ட் போய் உலோகம் உள்ளே குளிர்ந்து, மறுபடி சூடாக்கினால் அந்த யூனிட் யார் கணக்கு? அதையும் எங்கள் வீண் என்றுதான் எழுதுவீர்களா?

2012ஐ யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். கோவையில் கரண்ட் இருந்த நேரத்தைவிட இல்லாத நேரம் அதிகமாக இருந்த நாட்கள் அவை. ராத்திரி எப்போது கரண்ட் வருகிறதோ அப்போது ஹீட் எடுப்போம். மோல்டிங் ஆட்கள் ஷெட்டிலேயே படுத்திருப்பார்கள். கம்ப்ரசரும் மணல் மிக்ஸரும் ஜெனரேட்டரில் ஓடும். அந்த டீசல் எவ்வளவு? படிவத்தில் சொந்த உற்பத்தி எத்தனை யூனிட் என்று ஒரு கட்டம் உண்டுதான். எங்கள் ஜெனரேட்டரில் மணிக்கணக்கு காட்டுகிற மீட்டர்தான் இருந்தது, யூனிட் மீட்டர் இல்லை. எங்களைப்போல எத்தனையோ பேர். அந்தக் கட்டத்தில் அவரவர் ஆடிட்டர் என்ன தோன்றியதோ அதை எழுதினார். நம்மை இந்த அளவுக்கு ஆட்டிவைத்த ஒரு மின்வெட்டின் முழுக் கணக்கு அரசிடம் இல்லை. அந்த வருடங்களில் மூடிப்போன பட்டறைகளில் பெரும்பாலானவை கணக்கெடுப்பின் வாசலுக்கே வராதவை.

இதைச் சொன்னால் உடனே சிலர் வருவார்கள். "ஈபிகாரர்களிடம் எல்லாத் தகவலும் இருக்கிறதே, தனியாக என்ன கணக்கெடுப்பு?" என்பார்கள். ஈபியிடம் இருப்பது சர்வீஸ் நம்பரும் யூனிட்டும். அந்த யூனிட் உருக்கப் போனதா, கம்ப்ரசருக்குப் போனதா, வார்ப்பைச் சுத்தம் செய்கிற ஷாட் பிளாஸ்டிங்குக்குப் போனதா என்று அவர்களுக்குத் தெரியாது. கோக், விறகு, கேஸ், பர்னஸ் ஆயில் எதுவும் அவர்கள் மீட்டரில் ஓடுவதில்லை. காற்றாலை வைத்திருக்கிற மில்காரர்களைக் கேளுங்கள். உடுமலை பக்கம் சுற்றுகிற காற்றாடியின் யூனிட் இங்கே பில்லில் கழிகிறது. அதைப் படிவத்தில் சொந்த உற்பத்தி என்று போடுவதா, வாங்கியது என்று போடுவதா என்று ஆளுக்கு ஒரு விதமாக எழுதுகிறார்கள்.

"அமெரிக்காவைப் பார், ஜெர்மனியைப் பார்" என்று அந்த மேடையிலும் பேசினார்கள். பார்த்தேன். அமெரிக்காவில் உற்பத்தித் துறைக்கென்றே தனியாக ஓர் எரிசக்திக் கணக்கெடுப்பு இருக்கிறது. 1985இல் ஆரம்பித்தது, இப்போது நாலு வருடத்துக்கு ஒருமுறை, சுமார் 15,000 ஆலைகளின் மாதிரி. எவ்வளவு எரித்தாய் என்பதோடு எதற்கு எரித்தாய் என்றும் கேட்கிறார்கள்: பாய்லருக்கா, உருக்கவா, மோட்டார் ஓட்டவா, விளக்குக்கா. இன்னொரு கேள்வியும் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். இந்த எரிபொருளை விட்டு வேறொன்றுக்கு உன்னால் மாற முடியுமா, முடியாதென்றால் ஏன்? விடைகள் அட்டவணைகளாக இணையத்தில் இலவசமாகக் கிடக்கின்றன.

அந்தக் கடைசிக் கேள்வியை இங்கே யாராவது எங்களிடம் கேட்டிருக்கிறார்களா? டெல்லியைச் சுற்றியுள்ள பகுதியில் 2023 ஜனவரி 1 முதல் ஆலைகளில் நிலக்கரி எரிக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. காற்று கெட்டுக் கிடக்கிற இடம், நோக்கத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் நாளைக்கு இங்கே விறகு கூடாது, கோக் கூடாது என்று ஓர் உத்தரவு வந்தால், யாரால் மாற முடியும், யாரால் முடியாது, மாற எவ்வளவு பணம் வேண்டும் என்று சொல்ல யாரிடம் கணக்கு இருக்கிறது? 2022 செப்டம்பரில் கட்டணம் ஏறியபோதும் இதே கதைதான். நிலைக்கட்டணமும், தேவை உச்சத்தில் இருக்கிற நேரத்துக்கான பீக் ஹவர் கட்டணமும் எந்த அளவு பட்டறையை எப்படி அடிக்கும் என்று அளந்துவிட்டா ஏற்றினார்கள்? பீக் ஹவரில் பர்னஸை நிறுத்து என்கிறார்கள். உள்ளே உருகி நிற்கிற இரும்பிடம் போய் அதைச் சொல்லுங்கள்.

நம் ஆட்களிலேயே சிலர் எதிர்ப்பக்கம் இருந்து கேட்பார்கள், அவர்களுக்குப் பதில் சொல்வதுதான் எனக்குக் கஷ்டம். "ஜிஎஸ்டி, பிஎஃப், ஈஎஸ்ஐ, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், பாய்லர் இன்ஸ்பெக்டர் என்று ஏற்கனவே செத்துக்கொண்டிருக்கிறோம், நீ இன்னொரு படிவத்தைக் கேட்டு வாங்குகிறாயா தங்கச்சி?" என்று ஒரு அண்ணன் நேற்று போனில் கத்தினார். அண்ணா, உங்கள் கோபம் நியாயம்தான். நான் ஆளுக்கு ஒரு படிவம் கேட்கவில்லை. மாதிரி எடுத்து, சில வருடங்களுக்கு ஒருமுறை, எரிபொருளை மட்டும் சரியாகக் கேட்கச் சொல்கிறேன். டீசலுக்கும் ஆயிலுக்கும் தனித்தனி வரி கேட்கிறேன். விறகை டன்னில் கேட்கச் சொல்கிறேன். இது உங்களுக்குச் சுமை என்றால், கணக்கே இல்லாமல் உங்கள் தலையில் முப்பது சதவீதத்தைச் சுமத்துகிறார்களே, அது என்ன?

"முதலாளிகள் உண்மையை எழுதமாட்டார்கள்" என்பது இன்னொரு கூட்டம். இதற்கு நீளமாகப் பதில் சொல்ல மனம் வரவில்லை. வரித்துறைக்குப் போய்விடுமோ என்ற பயம் சிலருக்கு இருக்கிறது. 2008ஆம் ஆண்டு புள்ளிவிவரச் சேகரிப்புச் சட்டம் ஒருவருடைய தகவலை அவர் அடையாளத்தோடு வெளியிடக் கூடாது என்கிறது. அதை எங்களுக்குத் தமிழில் எடுத்துச் சொன்னவர்கள் எத்தனை பேர்? எங்களிடம் வந்த களப் பணியாளர் பொறுமையாக உட்கார்ந்து பில் பில்லாகப் பார்த்துச் சரிசெய்தார். அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. படிவத்தில் இல்லாததை அவர் எப்படிக் கேட்பார்?

"கோவை பவுண்டரிகளில் ஆய்வு நடந்திருக்கிறதே" என்று ஒருவர் கமெண்டில் போட்டிருந்தார். நடந்தது, மறுக்கவில்லை. எரிசக்தித் திறன் பணியகமான பிஈஈ, ஐ.நா. தொழில் வளர்ச்சி அமைப்பான யுனிடோ, உலகச் சுற்றுச்சூழல் நிதியமான ஜிஇஎஃப் சேர்ந்து நடத்திய திட்டத்தில் பெல்காம், இந்தூரோடு கோவையும் இருந்தது. நல்ல வேலை. ஆனால் சில யூனிட்டுகளுக்குள் போய் ஆடிட் செய்வது வேறு, மொத்தத் தொழிலையும் எண்ணுவது வேறு. அங்கே ஒரு பர்னஸில் பார்த்த எண்ணை எடுத்து எல்லார் நெற்றியிலும் ஒட்டக் கூடாது.

அதே பிஈஈ பெரிய ஆலைகளுக்கு என்ன செய்தது? பாட் (PAT) என்ற எரிசக்திச் சேமிப்புத் திட்டம். 2012 முதல் 2015 வரையிலான முதல் சுற்றில் எட்டுத் துறைகளில் 478 ஆலைகள். துணி ஆலை என்றால் ஆண்டுக்கு 3,000 டன் எண்ணெய்க்குச் சமமாகவாவது எரித்தால்தான் இதில் சேர்ப்பார்கள், சிமெண்ட் என்றால் 30,000. அவர்களை அளந்தார்கள், இலக்கு கொடுத்தார்கள், இலக்கைத் தாண்டிச் சேமித்தால் விற்கக்கூடிய சான்றிதழ் கொடுத்தார்கள். அவர்கள் சேமித்தது சாதனையாக அறிக்கையில் வந்தது. என் அப்பா 650ஐ 600க்கு இறக்கியது எந்த அறிக்கையில் வந்தது? அவருக்கு யார் சான்றிதழ் கொடுத்தார்கள்? தேசிய எரிசக்திக் கணக்கை எடுத்துப் பாருங்கள். இரும்பு, சிமெண்ட், உரம் என்று பெயர் சொல்லி வரும். பெயர் சொல்ல முடியாதவை எல்லாம் சேர்ந்து ஒரு பெரிய வரியாகக் கடைசியில் நிற்கும். நாங்கள் அங்கேதான் இருக்கிறோம். இந்த ஊர் பம்ப் செட் நாடு முழுக்கத் தண்ணீர் இறைக்கிறது, அதற்கு வார்ப்பு போடுகிறவனுக்கு ஒரு வரி இல்லை.

கணக்கு வருகிற வேகத்தையும் சொல்ல வேண்டும். 2022-23க்கான ஏஎஸ்ஐ முடிவு 2024 செப்டம்பர் கடைசியில்தான் வந்தது. முன்பைவிட வேகம்தான், ஒப்புக்கொள்கிறேன். அதற்குள் கட்டணம் மாறிவிட்டது, பக்கத்து ஷெட்டுக்குப் பூட்டும் போட்டாகிவிட்டது.

நிபுணருக்கு என் பதில் இவ்வளவுதான். உங்கள் முப்பது சதவீதத்தின் மூலத்தை வெளியிடுங்கள். எத்தனை பட்டறை, எந்த ஊர், எந்த வருடம். வெளியிட்டால் நான் உட்கார்ந்து படிக்கிறேன், சரியாக இருந்தால் என் பவுண்டரியிலேயே செய்து பார்க்கிறேன். வெளியிட முடியாவிட்டால் அந்த வாக்கியத்தை அடுத்த மேடையில் சொல்லாதீர்கள். அதைக் கேட்டுத்தான் வங்கிக்காரர் எங்கள் கடனை முடிவு செய்கிறார்.

நம்மவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த முறை மாதிரியில் உங்கள் யூனிட் வந்திருந்தால், எரிபொருள் பகுதியை ஆடிட்டர் ஆபீஸ் பையனிடம் விடாதீர்கள். போன வருட எண்ணோடு பத்து சதவீதம் சேர்த்துப் போட்டுவிடுவார்கள். ஈபி பில்களை மாதவாரியாக எடுத்துவைத்து நீங்களே கூட்டுங்கள். டீசல் எத்தனை லிட்டர், விறகு எத்தனை டன் என்று தனித்தாளில் எழுதிக் களப் பணியாளரிடம் கொடுங்கள். கட்டம் இல்லை என்று சொன்னாலும் கொடுங்கள். எந்த வரியில் எது என்று குழப்பம் இருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.