1964-க்கு முன் பாலஸ்தீனர் இல்லையா?

"பாலஸ்தீனர் என்ற மக்களே கிடையாது, 1964-இல் பாலஸ்தீன விடுதலை இயக்கம் உண்டாக்கிய பெயர் அது" என்ற செய்தி வாட்ஸ்அப்பில் மீண்டும் வலம் வருகிறது. இது பொய்.

அந்தப் பெயரில் சுதந்திர அரசு எதுவும் அதற்கு முன் இருந்ததில்லை என்பது உண்மைதான். ஆனால் அரசு வேறு, மக்கள் வேறு. யாஃபா நகரில் 1911-இலேயே 'ஃபலஸ்தீன்' என்ற அரபு செய்தித்தாள் தொடங்கப்பட்டது. அதை நடத்திய ஈசா அல்-ஈசாவும் யூசுஃப் அல்-ஈசாவும் கிறிஸ்தவர்கள். 1920-இல் ஹைஃபாவில் கூடிய பாலஸ்தீன அரபு மாநாடு தங்களுக்கென ஒரு தேசிய அரசைக் கேட்டது.

என்னை மிகவும் நெகிழ வைக்கும் சான்று தென் அமெரிக்காவில் இருக்கிறது. பெத்லகேம், பெய்த் ஜாலா போன்ற ஊர்களிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பலர் சிலி நாட்டுக்குக் கப்பலேறினார்கள். துருக்கிய ஆட்சியின் கடவுச்சீட்டு வைத்திருந்ததால் அங்கே அவர்களை 'துருக்கியர்' என்றே அழைத்தார்கள். அந்தப் பெயரைச் சுமந்தபடி வாழ்ந்தவர்கள், 1920-இல் தங்கள் கால்பந்து அணிக்குச் சூட்டிய பெயர் 'பாலஸ்தீனோ'! இன்றும் அந்த அணி சிலியின் முக்கியப் போட்டிகளில் ஆடுகிறது. அரபுலகுக்கு வெளியே பாலஸ்தீன வம்சாவளியினர் மிக அதிகமாக வாழும் நாடுகளில் ஒன்று சிலி.

1948-இல் இஸ்ரேல் உருவானபோது நடந்த போரில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட பாலஸ்தீனர் வீடிழந்து லெபனான், சிரியா, ஜோர்டான், காஸா என்று சிதறினார்கள். செய்தியில் சொல்லப்படும் 1964-க்கு அது பதினாறு ஆண்டுகள் முந்தையது.