நம்ம மலையை மேலிருந்து பார்ப்பவர்கள்

போன மாசம் ஓர் அந்தியில் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துப் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேரைக் கோயில் திடலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சர்வதேச விண்வெளி நிலையம் கடக்கும் நேரத்தை போனில் பார்த்து வைத்திருந்தேன். இலங்கை மலையகத்துப் பொகவந்தலாவையில் வானம் தெளிவாகக் கிடைப்பதே பெரிய விஷயம். அன்றைக்கு மூடுபனி கொஞ்சம் தள்ளி நின்றது. வடமேற்கில் ஒரு வெளிச்சப் புள்ளி எழும்பியது. மினுக்கல் இல்லை, சத்தம் இல்லை. விறகுக்கட்டை இறக்கி வைத்துவிட்டு நின்ற அப்பாயி ஒருவர், "பிளேன் தானேப்பா" என்றார். பிள்ளைகள் சண்டைக்குப் போய்விட்டார்கள். "அதுல ஆளு இருக்காங்க அப்பாயி!"

ஆமாம், இருக்கிறார்கள். 2000 நவம்பரிலிருந்து ஒரு நாள்கூட அது ஆளில்லாமல் கிடந்ததில்லை. அதைச் சேர்ந்து நடத்தும் அமெரிக்காவும் ரஷ்யாவும் கீழே முறைத்துக்கொண்டு நிற்கின்றன. மேலே, ரஷ்யப் பகுதிக்கான மின்சாரத்தில் பெரும் பங்கு அமெரிக்கப் பக்கத்திலிருந்து போகிறது. நிலையம் உயரம் இறங்காமல் தள்ளிவிடும் வேலையைப் பெரும்பாலும் ரஷ்யா பார்க்கிறது. நம்ம லயம் மாதிரிதான். தண்ணிப் பைப்பு ஒரு காம்பரா (வீட்டறை) பக்கம், லைட்டு வயர் அடுத்த காம்பராப் பக்கம். கோபம் இருந்தாலும் பேசித்தான் ஆக வேண்டும்.

"நம்ம நாட்டு ஆளு யாராச்சும் போயிருக்காங்களா சேர்?" என்று ஒரு பிள்ளை கேட்டது. ஆள் போகவில்லை, ஒரு பெட்டி போனது என்றேன். ராவணா-1. பக்கத்துக்கு 10 சென்ரிமீற்றர், எடை ஒரு கிலோ சொச்சம். ஜப்பானின் கியூஷு தொழில்நுட்பக் கழகத்தில் நம்ம நாட்டுப் பொறியியலாளர்கள் செய்தது. 2019 ஜூனில், நேபாளத்தின் முதல் செய்மதியோடு சேர்த்து, இதே நிலையத்திலிருந்துதான் வெளியே விட்டார்கள். (பெயரைப் பற்றி இன்னொரு நாள் சண்டை போடலாம்.) ஒரு பிள்ளைக்கும் இது தெரிந்திருக்கவில்லை.

எனக்கு அதைவிடப் பெரிய குறை வேறு. 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நிசார் என்ற செய்மதி போனது. நாசாவும் இஸ்ரோவும் ஆளுக்கொரு ராடார் செய்து ஒரே செய்மதியில் பொருத்தியிருக்கின்றன. 747 கிலோமீற்றர் உயரத்திலிருந்து, உலகின் பெரும்பாலான நிலத்தை 12 நாளில் இரண்டு முறை பார்க்கிறது. ராடார் என்பதால் மழைமேகமும் இருட்டும் அதற்குத் தடையில்லை. அதில் நீள அலை ராடார் இலைதழையையும் ஓரளவு ஊடுருவும். நிலம் சில சென்ரிமீற்றர் நகர்ந்தாலே கண்டுபிடிக்கும். மலை ஒரேயடியாக இடிந்து விழுவதை அது முன்கூட்டிச் சொல்லாது. மெல்ல மெல்ல நழுவும் சரிவு எது என்று காட்டும். தரவு எல்லோருக்கும் இலவசம்.

மண்சரிவைப் பார்த்த நமக்கு இதைவிட நெருக்கமான விண்வெளிச் செய்தி எது? கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலையில் லயங்களை மண் மூடியது. அங்கே ஆபத்து இருக்கிறது என்று பல வருசம் முன்பே சொல்லியிருந்ததாகப் பிறகு பேசினார்கள். யாரிடம், எந்த மொழியில் சொன்னார்கள்? போன மழைக்கு எங்கள் பக்கம் வந்த எச்சரிக்கைக் குறுஞ்செய்தி சிங்களத்தில் இருந்தது. கடைக்காரத் தம்பி வாசித்துச் சொல்லித்தான் தெரிந்தது.

விண்வெளியை மக்களிடம் கொண்டுபோகிறோம் என்று கொழும்பில் கண்காட்சி வைக்கிறார்கள், ரொக்கெட் படம் கொடுக்கிறார்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை, பிள்ளைகளுக்கு அதுவும் ஆசைதான். ஆனால் இரண்டு நாடுகள் சேர்ந்து செய்த ராடார் நம்ம சரிவைப் பற்றி என்ன சொல்கிறது என்று, தோட்டப் பாடசாலைச் சுவரில் தமிழில் ஒரு வரைபடம் ஒட்டினால் அதுதான் என் கணக்கில் விண்வெளிப் பிரசாரம். அவ்வளவு தூரம் மேலேயிருந்து இறங்கி வரும் செய்திக்கு, டவுனிலிருந்து லயம் வரைக்கும் ஏறத்தான் வழியில்லை.

திடலிலிருந்து இறங்கும்போது ஒரு பையன் கேட்டான். "எங்க காம்பரா செவுத்து வெடிப்பு அதுக்குத் தெரியுமா சேர்?"

வெடிப்புத் தெரியாதுடா, அது சரிவு முழுசும் நகர்வதைத்தான் பார்க்கும், வெடிப்பை நீதான் பார்க்கணும் என்றேன். நேற்று அவன் வீட்டுப் பக்கம் போனேன். வெடிப்பின் முனையில் அடுப்புக்கரியால் கோடு போட்டு, தேதி எழுதி வைத்திருக்கிறான். அதற்குக் கீழே இன்னொரு கோடு, இன்னொரு தேதி.